பதிலுக்கு என்ன தருவினம்?

ஒரு பொருளைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினால், நன்றாயிருக்கிறது என்றோ நன்றாயில்லை என்றோ சொல்லமாட்டார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். பிறகு, "இதுக்குப் பதிலா என்ன தருவினம்?" என்பார். நான் ஆசையாக வாங்கிய கைக்கடிகாரத்தைப் பார்த்ததும், பதிலுக்கு என்ன தருவார்கள் என்றுதான் கேட்டார். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டும் அதையே கேட்டுவைத்தால் என்ன செய்வது என்று பயந்து, அதை மட்டும் கடைசிவரை நான் அவரிடம் காட்டவில்லை.

ஷார்ஜா ரோலாவில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளுக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர் மெஸ் நடத்திக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் எப்போதோ போய்விட்டார். ஒரே மகன் கனடாவில். யாழ்ப்பாணத்தவரில் யாருக்குத்தான் கனடாவில் ஒரு ஆள் இல்லை! அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தமிழ்நாட்டுக்காரன், மலையகத்தான், மலையாளி, ஒரு பெஷாவர் டாக்ஸிக்காரர் உட்பட அனைவருக்கும் அவர் அக்கா.

சமையலறை போக மீதி இரண்டு அறைகளைப் பலகை அடித்துப் பிரித்து, வேலை பார்க்கும் பெண்களுக்குக் கட்டில் வாடகைக்கு விட்டிருந்தார். அதில் ஒருத்தி குறட்டை விடுவாள். ஒருத்தி விடியுமுன் ஊரிலிருக்கும் புருஷனோடு வீடியோவில் சண்டை போடுவாள். மூன்றாமவள் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். தினமும் புகார். அக்கா ஒருநாள் மூவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினார். சாயங்காலம் பார்த்தால், சண்டைக்காரி பக்கத்தில் அந்த நேரத்தில் ஆளே இல்லாத நர்ஸின் கட்டில். குறட்டைக்காரி பக்கத்தில் காதில் மாட்டிக்கொண்டு சீரியல் பார்த்தபடியே தூங்கும் இன்னொரு பெண். நான்கு பேருமே தனக்குத்தான் லாபம் என்று நினைத்தார்கள். நர்ஸ் வாராவாரம் அக்காவுக்கு இலவசமாகப் பிரஷர் பார்ப்பதென்று ஏற்பாடானது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு சமயம், ஒரே கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு பேர் ஒரு வாரமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்திருந்தவன் முருக பக்தன். பொங்கலுக்கு லீவு கிடைத்திருந்தவன் அந்தோணியார் பக்தன். இருவரும் ஒரே பஸ்ஸில் சைட்டுக்குப் போய்வந்தார்கள். ஒருவன் துக்கம் இன்னொருவனுக்குத் தெரியாது. அக்காதான் சோற்றுத் தட்டைப் பார்த்தே கண்டுபிடித்து இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். லீவு மாறியது. ஊரிலிருந்து திரும்பும்போது ஒருவன் கருவாடும் இன்னொருவன் கருப்பட்டியும் கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்தார்கள். அக்கா எதையும் சும்மா செய்யமாட்டார் என்று நாங்கள் கேலி பேசுவோம். அவரும் மறுக்கமாட்டார். "சும்மா குடுக்கிறதும் சும்மா வாங்கிறதும் மரியாதையில்லை தம்பி" என்பார்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் வாயை விட்டேன். டிராஃப்ட் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கியவன் நான்தான்.

எனக்கு ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. அங்கே பிள்ளைகள் நடக்கும் முன்பே பந்தை உதைப்பார்கள். நான் நடக்க மட்டும் கற்றுக்கொண்டேன். அதனால் இங்கே எங்கள் கால்பந்து லீக்கில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எட்டு டீம். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு முதலாளி. ஒருவர் ஹோட்டல், ஒருவர் டைப்பிங் சென்டர், ஒருவர் கார்கோ. பந்து ஆடுவதற்கென்று யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் நன்றாக ஆடுகிறவனுக்கு அந்த முதலாளியிடம் நல்ல வேலை கிடைக்கும். ஆகவே ஸீஸன் தொடங்குமுன் நடக்கும் டிராஃப்ட், பையன்களுக்கு விளையாட்டல்ல. முதலாளிகள் வட்டமாக உட்கார்ந்து வரிசையாக ஆளெடுப்பார்கள். போன வருடம் கடைசியாக வந்த டீம் முதலில் எடுக்கும்; கோப்பை வாங்கிய டீம் கடைசியில். இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது அக்கா ரொட்டி தட்டிக்கொண்டு பாதிக் காதில்தான் கேட்டார். "வேணும்னா ஆளுக்கு ஆள் மாத்திக்கவும் செய்யலாம்" என்றேன். அவர் கை நின்றுவிட்டது.

"ஆக்களை மாத்தலாமோ? உண்மையாவோ?"

"ஆமாக்கா. ரெண்டு முதலாளியும் கை குடுத்துட்டா முடிஞ்சுது. அப்புறம் யாரும் மாத்த முடியாது."

"ஒரு ஆளைக் குடுத்து ரெண்டு ஆளை வாங்கலாமோ?"

"வாங்கலாம்."

அக்கா அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். "கடவுளே, இவ்வளவு நாளும் நான் கட்டிலையும் அலுமாரியையும் மாத்திக்கொண்டு கிடந்திட்டன்!"

அன்றிலிருந்து அவர்தான் எங்கள் லீக்கின் ஜோசியர். ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. கையையும் பயன்படுத்தலாம் என்பதால் கோல் கீப்பர்தான் எல்லோரிலும் பெரிய பதவி என்று நினைத்திருந்தார். ஆனால் டிராஃப்டுக்கு ஒரு மாதம் முன்பே மெஸ்ஸில் கரண்டியும் கையுமாக நின்று, எந்த டீம் யாரை எடுக்கும், யாரைத் தள்ளிவிடும் என்று ஆரம்பித்துவிடுவார். அவர் காரணங்கள் பந்து சம்பந்தப்பட்டவையே அல்ல. "அந்த ஸ்ட்ரைக்கரை ஹோட்டல்காரர் எடுக்கமாட்டார். அவன்ர மனிசி விசிட் விசாவில வருகுது. வெள்ளிக்கிழமை அவன் கிரவுண்டுக்கு வருவானோ, பீச்சுக்குப் போவானோ?" என்பார். "தம்பிமார், இது உங்களோட இருக்கட்டும்" என்று தொடங்கும் அவருடைய குரல்செய்தி, பின்னணியில் குக்கர் விசிலோடு, எட்டு டீமின் வாட்ஸ்அப் குரூப்புகளுக்கும் போய்ச் சேரும். சொன்னது பலித்தால் ஒரு வாரம் பேசுவார். பலிக்காவிட்டால், "நான் சொன்னதைக் கேட்டுப் பயந்து மாத்திப்போட்டினம்" என்பார். ஆக, அவர் தோற்றதே இல்லை.

அந்த வருடம்தான் அமலன் பெயர் டிராஃப்டில் வந்தது. மன்னார்ப் பையன். கோல் கீப்பர். பந்து அவனை நோக்கி வந்தால் நமக்குப் பயமாயிருக்கும், அவனுக்கு இராது. வேலை ருவைஸில், அபுதாபியையும் தாண்டி, பாலைவனத்தில் வெகுதூரம் போகவேண்டும். அவன் மனைவி நிலானி ரோலாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் ஃப்ளாட்டில் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது லீவில் ஊருக்குப் போன நாட்களில் மட்டும்தான். அமலன் எப்போதாவது வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வருவான். பெண்கள் மட்டும் இருக்கும் ஃப்ளாட் என்பதால் உள்ளே வரமுடியாது. சாப்பாட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு இருவரும் ரோலாப் பார்க்கில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் சாய்ந்ததும் அவன் பஸ்ஸுக்கு ஓடுவான்.

அக்கா அதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார். "பார்க் கதிரையில இருந்து குடும்பம் நடத்துதுகள்" என்றார். பிறகு கொஞ்சநேரம் பேசவில்லை. அக்கா பேசாமல் இருந்தால் எங்கோ யாரோ இடம் மாறப்போகிறார்கள் என்று அர்த்தம்.

கோப்பை வைத்திருந்த கார்கோ பாய்க்கு அந்த வருடம் கோல் கீப்பர் இல்லை. பழைய ஆள் கத்தாருக்குப் போய்விட்டான். பாயிடம் போனால் ஷார்ஜாவிலேயே குடோனில் வேலை. கல்யாணமானவனென்றால் குடோனுக்குப் பின்னால் தனி அறையும் கொடுப்பார். அமலனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிக்கல் ஒன்றுதான். பாய் கடைசியில் எடுப்பவர். அவருக்கு முன்னால் இன்னும் மூன்று டீமுக்குக் கோல் கீப்பர் தேவை. மூன்றும் துபாய், அபுதாபி டீம்கள். அவர்கள் எடுத்தால் அமலன் ஒரு கேம்ப்பிலிருந்து இன்னொரு கேம்ப்புக்குப் போவான், அவ்வளவுதான்.

"அப்ப அந்த மூண்டு பேரின்ர கண்ணையும் கட்டவேணும்" என்றார் அக்கா.

"கால்ல அடின்னு சொல்லிடலாமா?" என்றேன், ஏதோ நானும் பெரிய மூளைக்காரன் மாதிரி.

"விசர்க்கதை. உடன டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவினம். ஆரும் விசாரிச்சுக் கண்டுபிடிக்க ஏலாத கதையா இருக்கவேணும்."

மறுநாள் குக்கர் விசிலோடு குரல்செய்தி வந்தது. "தம்பிமார், மன்னார்ப் பொடியன் தடிச்ச குளிர்ச்சட்டை ஒண்டு வாங்கினவனாம். ருவைஸ் வெயிலுக்கு அது என்னத்துக்கு? நான் சும்மா கேக்கிறன்." அவ்வளவுதான். கனடா என்ற சொல்லை அவர் உச்சரிக்கக்கூட இல்லை. மத்தியானத்துக்குள் மற்றவர்கள் உச்சரித்துவிட்டார்கள்.

எங்கள் லீக்கில் ஒரு விதி: ஸீஸன் நடுவே ஆள் போய்விட்டால் மாற்றாள் கிடையாது. கனடா போகப்போகிற கோல் கீப்பரை எவன் எடுப்பான்? மூன்று டீம்களும் அன்றே வேறு ஆள் தேட ஆரம்பித்தன. அவர்கள் எடுத்து முடித்ததும், கதை பொய்யென்று பாயிடம் சொல்லிவிடுவது அக்காவின் திட்டம். அக்காவுக்கு அன்று பிடிபடாத சந்தோஷம். எனக்கு இரண்டு முட்டைப் பொரியல்.

அவர் மறந்தது தன் ஊர்க்காரர்களைத்தான். கனடா விசா வந்த யாழ்ப்பாணத்தான் விமானம் மேலே எழும்பும்வரை வாயைத் திறக்கமாட்டான். கண்ணூறு படும், யாராவது பொறாமையில் எம்பஸிக்குப் பெட்டிசம் எழுதிப் போடுவார்கள், சொன்னால் தடைப்படும். அம்மாவிடம்கூடக் கடைசி நிமிடத்தில்தான் சொல்வான். கேட்டால், "எனக்கெங்க கனடா?" என்பான். மன்னார்க்காரனும் இதற்கு விலக்கில்லை. ஆகவே அமலன் தலையில் அடித்துக்கொண்டு "எனக்குக் கனடா இல்லை" என்று சொல்லச் சொல்ல, சந்தேகத்தில் இருந்தவர்களும் நம்பினார்கள். ருவைஸ் கேம்ப்பில் அவனுடைய கீழ்க்கட்டிலுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். அவன் மெத்தையை ஒருவன் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். அஜ்மானிலிருந்து ஒரு அம்மா, டொரண்டோவில் இருக்கும் மருமகளுக்கென்று ஒரு பொதி மிளகாய்த்தூளைக் கொண்டுவந்து நிலானியின் பில் கவுண்டரில் வைத்தார். வேண்டாம் என்று அவள் சொன்னதற்கு, "எனக்கு விளங்குது பிள்ளை, நான் ஆருக்கும் சொல்லமாட்டன்" என்று கண்ணடித்தார்.

விளையாட்டு வினையானது அங்கேதான். அமலனின் ஃபோர்மேன் அவனுக்குப் பதில் ஆள் தேடத் தொடங்கினான். நிலானி, தன்னிடம்கூட மறைத்துவிட்டானே என்று புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் அழுவது சமையலறையில் கேட்டது. அக்கா பயந்துபோய் அடுத்த குரல்செய்தி அனுப்பினார்: "தம்பிமார், அந்தக் கனடாக் கதை பொய்யாம்."

"அக்காவே மறைக்கிறா. அப்ப விசா கைக்கு வந்தாச்சு" என்றது லீக்.

"தம்பி, உப்புக் கூடிப்போச்சு" என்றார் என்னிடம். அவர் முகத்தில் கேலி இல்லாததை அன்றுதான் பார்த்தேன். நிலானியிடம் மட்டும் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். அவள் அக்காவைத் திட்டினாள், புருஷனுக்குப் போன் போட்டு அழுதாள், பிறகு இருவரும் சேர்ந்து அக்காவைத் திட்டினார்கள். குடும்பம் ஒன்றுபட்டது. வேலைதான் தொங்கிக்கொண்டு நின்றது.

டிராஃப்ட் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த பிறகு, ரோலாவில் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில். சாப்பாடு அக்கா பொறுப்பு. அவரும் நிலானியும் பின்பக்கம் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெள்ளைப் பலகையில் பெயர் எழுதினேன். மூன்று டீம்களும் மூன்று வேறு கோல் கீப்பர்களை எடுத்தன. அதுவரை அக்கா போட்ட கணக்கு பிசகவில்லை. அமலன் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கார்கோ பாயின் முறை வந்தது. பலகையைப் பார்த்தார். அமலன் பெயரைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு பக்கத்திலிருந்த டைப்பிங் சென்டர் முதலாளியிடம், "உன்கிட்ட கீப்பர் ரெண்டு இருக்கில்ல? பழையவனை எனக்குத் தா. என் டிஃபென்டரை எடுத்துக்க" என்றார். அந்தப் பழைய கீப்பருக்குக் குனிந்தால் நிமிர இன்னொரு ஆள் வேண்டும். டைப்பிங் சென்டர்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினார். பாயும் கையைத் தூக்கினார்.

"பாய், பொறுங்கோ!"

அக்கா ஹாலின் நடுவில் நின்றார். கையில் கறிக்கரண்டி.

"மன்னார்ப் பொடியன் நிக்கிறானல்லோ. அவனை எடுங்கோ."

"அவன்தான் கனடா போறானேக்கா."

"அவன் போகேல்லை. அது நான் கட்டிவிட்ட கதை."

ஹாலே சிரித்தது. "பாவம், அக்கா அவனுக்கு ஹெல்ப் பண்ணுறா" என்றான் ஒருவன். "போறவன் எவன் போறேன்னு சொல்லியிருக்கான்?" என்றான் இன்னொருவன். பாயும் சிரித்துவிட்டார். "அக்கா, நீங்க நல்லவங்க. ஆனா எனக்கு ஸீஸன் முழுக்க ஆள் வேணும்" என்று மறுபடி கையை நீட்டினார்.

அக்கா நிலானியைத் திரும்பிப் பார்த்தார். கரண்டியை மேசையில் வைத்தார்.

"கனடா வந்தது அவனுக்கில்லை" என்றார். "எனக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

"மகன் கூப்பிட்டவன். கனகாலமா இழுபட்டுக் கிடந்தது, இப்ப சரிவந்திருக்கு. குளிர்ச்சட்டை வாங்கினதும் நான்தான். என்ர செய்தியைத்தான் அவன்ர தலையில மாத்தி வச்சனான். என்ர சொந்தத் தங்கச்சிக்கும் சொல்லேல்லை. சொன்னால் தடைப்படும் எண்டு வாயைக் கட்டிக்கொண்டு இருந்தனான்." மறுபடி கரண்டியை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டார். "இப்ப இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லிப்போட்டன். இனி நம்புவியளோ?"

நம்பினார்கள். கனடா வந்ததை விமானம் ஏறுமுன் சபையில் சொன்ன ஒருவரை அந்த ஹாலில் இருந்த எந்த யாழ்ப்பாணத்தானும் அதுவரை கண்டதில்லை. அது பொய்யாக இருக்கமுடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அது எவ்வளவு பெரிய பயத்தை விழுங்கிவிட்டுச் சொன்ன சொல் என்பதும் தெரியும். கார்கோ பாய் நீட்டிய கையை மடக்கித் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அமலன்னு எழுதுங்க தம்பி" என்றார்.

கதவோரத்தில் அமலன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நிலானி முகத்தைத் துடைக்கும் துணியால் முகத்தைத் துடைத்தாளா, தட்டுத் துடைக்கும் துணியால் துடைத்தாளா என்று அவளுக்கே தெரியாது. பின்வரிசையிலிருந்து ஒரு சோகமான குரல் வந்தது: "அக்கா, அப்ப நாங்க சாப்பாட்டுக்கு எங்க போறது?"

அதற்குப் பிறகு டிராஃப்டை யாரும் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. மெஸ்ஸை யார் எடுத்து நடத்துவார்கள் என்று ஆளாளுக்கு ஊகிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போது, ஜென்மத்தில் முதல் தடவையாக அக்கா பதிலுக்கு எதுவும் வாங்காமல் ஒன்றைக் கொடுத்துவிட்டார் என்று நான் நெகிழ்ந்து போயிருந்தேன். அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஆர் சொன்னது? என்ர பெரிய சட்டியள், கிரைண்டர், அடுப்பு எல்லாத்தையும் யாழ்ப்பாணத்துத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி பாயிட்டக் கேட்டுப்போட்டன். காசில்லாமல் அனுப்புறாராம்." சற்று யோசித்துவிட்டு, "டிஃபென்டரையும் காப்பாத்திக் குடுத்திருக்கிறன். இன்னும் கேட்டிருக்கலாம்" என்றார்.

ஆனாலும் அவர் பயந்துதான் போயிருந்தார். டிக்கெட் போடும்வரை தினமும் மகனுக்குப் போன். கடிதம் ஏதும் வந்ததோ, மறுத்துவிட்டார்களோ? ஒரு நாள் சோற்றில் உப்பே இல்லை. ஒரு நாள் பருப்பில் இரண்டு தரம் உப்பு. நாங்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.

தடையேதும் வரவில்லை. புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஸீஸனின் முதல் மேட்ச். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா கிரவுண்டுக்கு வந்தார். நிலானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முந்தைய நாள்தான் குடோனுக்குப் பின்னாலிருந்த அறைக்கு அடுப்பு வாங்கி வைத்திருந்தாள்; திரைச்சீலை என்ன நிறம் வாங்குவது என்று அமலனோடு நடந்த சண்டையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விசில் ஊதினார்கள். எதிர் டீம் பையன் ஒருவன் நடுவிலிருந்து, வேறு வழி தெரியாமல், மெதுவாக ஒரு பந்தைத் தட்டினான். அது உருண்டு உருண்டு வந்து, மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அமலனின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து வலைக்குள் போயிற்று.

அக்கா எழுந்து நின்றார். கிரவுண்ட் முழுக்கக் கேட்டது அவர் குரல்.

"அடேய்! உனக்காகவோ நான் வாயைத் திறந்தனான்!"

நிலானி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அக்காவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஆட்டம் முடியும்வரை அந்தக் கையை விடவில்லை. அக்காவும் அதை உருவிக்கொள்ளவில்லை.